இரண்டு கையும் தெரிய வேண்டும்

முன்பு என்னிடம் வேலை பழகிய பெண் நித்யா, போன மாதம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். இரண்டரை வயதுப் பையன் ஒருவன் டேப்லெட் முன்னால் உட்கார்ந்து “பாப்பா”, “பப்பு” என்கிறான். சொல்லச் சொல்லத் திரையில் ஒரு கரடி கைதட்டுகிறது, கலர் கலராகப் பூக் கொட்டுகிறது. “மேடம், அண்ணப் பிளவு ஆபரேஷன் ஆன பையன். எவ்வளவு தெளிவா வருது பாருங்க! இனிமே இந்த ஆப்பே பாதி வேலையைப் பாத்துரும்” என்று கீழே எழுதியிருந்தாள்.

வீடியோவை அவனுக்குப் பின்னாலிருந்து எடுத்திருந்தாள். கரடி தெரிந்தது, பையனின் பின்னந்தலை தெரிந்தது. “கை எங்க இருக்கு?” என்று பதில் போட்டேன். “எந்தக் கை மேடம்?” என்று கேட்டாள். அடிப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிறகு யோசித்தால், அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவள் பவித்ராவைப் பார்த்ததில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்தினேன். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் இது.

நான் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவள். சொந்தக்காரர்களுக்கு என் வேலை கடைசிவரை ஒரு கேலிதான். “பேசச் சொல்லிக் கொடுக்க ஒரு சம்பளமா? எங்க வீட்டு வாண்டுகளுக்கு வாய மூடச் சொல்லிக் கொடு, அதவிட டபுளா தாரோம்” என்பார்கள். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொண்டைப் படம், காதுப் படம், நரம்புப் படம் என்று வரைந்து தள்ளினோம். வேலைக்கு வந்த முதல் நாளே, இதற்கெல்லாம் மேல் தரையில் சம்மணம் போட்டு உட்கார நல்ல முழங்கால் வேண்டும் என்று தெரிந்துபோனது.

வேலையைக் கற்றுக்கொடுத்தது எங்கள் பிரிவுத் தலைவி சகுந்தலா மேடம். குரலை உயர்த்த மாட்டார். கடிந்துகொள்ளவும் மாட்டார். நாம் ஓடிப்போய், “மேடம், அந்தப் பையன் இன்னிக்கு ‘தண்ணி’ன்னு சொல்லிட்டான்!” என்றால், ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “அப்படியா? காட்டு” என்பார். அவ்வளவுதான். அந்தப் பையனைக் கூட்டி வர மறுபடி ஓட வேண்டும்.

அவரிடம் சில பிடிவாதங்கள் இருந்தன. விளையாட்டில் குழந்தைதான் ஜெயிக்க வேண்டும். சொல் வந்தால் அதற்குப் பலன் உடனே நடக்க வேண்டும். குழந்தை “போ” என்றால் பொம்மை பஸ் போக வேண்டும், “தா” என்றால் கையில் பொருள் விழ வேண்டும். “கைதட்டுறது பலன் இல்லம்மா. அது நம்ம சந்தோஷம். அதுக்குத் தேவ பஸ்ஸு” என்பார். அதேபோல, பீப்பீ ஊத வைப்பது, மெழுகுவத்தி அணைக்க வைப்பது எல்லாம் அவர் அறையில் நடக்காது. “ஊதிப் பழகினா ஊதத்தான் வரும். பேச்சு வராது.”

எல்லாவற்றையும்விடப் பெரிய பிடிவாதம் அவர் சுவரைப் பார்த்து உட்காருவது. ஒரு குழந்தைக்குச் சொல் சரியாக வந்துவிட்டதா என்று முடிவு செய்யும் நாளில், மேடம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவர் பக்கம் முகம் வைத்துக்கொள்வார். பையிலிருந்து நான் என்ன பொம்மையை எடுக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. குழந்தை சொல்வது காதில் எப்படி விழுகிறதோ அப்படியே எழுதுவார். “பெத்தவளுக்கு ஒரு ஆசைக் காது இருக்கு. நமக்கும் ஒண்ணு இருக்கு. பந்தப் பாத்துக்கிட்டே கேட்டா ‘மந்து’ன்னு சொன்னாலும் ‘பந்து’ன்னுதான் கேக்கும்” என்பார். அதுவும் உண்மைதான். எனக்கே எத்தனையோ முறை கேட்டிருக்கிறது.

இப்போது பவித்ராவுக்கு வருகிறேன். சமயநல்லூரில் மெயின் ரோட்டோரம் அவள் அப்பா செல்வம் பஞ்சர் கடை வைத்திருந்தார். அம்மா ஈஸ்வரி. பவித்ரா வாயின் மேல்கூரை பிளந்து பிறந்த குழந்தை. ஒரு வயதில் வேறோர் ஊரில் ஆபரேஷன் செய்து தைத்திருந்தார்கள். எங்களிடம் வந்தபோது மூன்று வயது நிறையவில்லை. துறுதுறுவென்று இருப்பாள், எல்லாம் புரியும், நாள் முழுக்கப் பேசுவாள். ஆனால் காற்றெல்லாம் மூக்கு வழியாகப் போய்விடும். ‘ப’ சொல்ல உதட்டைச் சரியாகத்தான் மூடுவாள், வருவது ‘ம’. பூ என்றால் மூ. தன் பெயர் பவி என்பதை மமி என்பாள். அவளுக்கு வீட்டில் இரண்டு பேரும் அம்மாதான்.

“கடையில வந்து ‘அம்மா’ன்னு என்னயக் கூப்புடுறா டீச்சர். லாரி டிரைவருக எல்லாம் ‘என்ன மாப்ள, ஒன்னய அம்மாங்குது?’ன்னு சிரிக்கிறாய்ங்க. எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல இவளப் பாத்துச் சிரிப்பாங்கள்ல?” என்றார் செல்வம். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர் முடிக்கும்போது சிரிக்கவில்லை.

மூக்குத் துவாரத்துக்குக் கீழே சின்ன வட்டக் கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். ‘ப’ சொல்லும்போது கண்ணாடியில் ஆவி படியக் கூடாது. பவித்ரா சொல்லச் சொல்லக் கண்ணாடி மங்கியது. பார்த்த உடனே செல்வம் பிடித்துக்கொண்டார்.

“டியூப்ப தண்ணியில முக்கிப் பாக்குற மாதிரிதான டீச்சர்? காத்து எறங்குது.”

“ஆமா. அண்ணத்தோட பின்பக்கம் மேல எழும்பி மூக்குக்குப் போற வழிய மூடணும். அது கதவு மாதிரி. ஒண்ணு, கதவு எட்டுது, ஆனா மூடப் பழகல. அப்படின்னா விளையாட்டுலயே சரி பண்ணிரலாம். இல்லன்னா கதவே கட்டையா இருக்கு, எட்டல. அப்ப இன்னொரு ஆபரேஷன்தான்.”

“ஒட்டு நிக்கலன்னா பிரிச்சு மறுபடி ஒட்டித்தான ஆகணும்” என்றார் செல்வம்.

ஈஸ்வரிக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. “எம்புள்ளைய டியூப்புங்கிற? நீயெல்லாம் ஒரு அப்பனா? மொத ஆபரேஷன் அன்னிக்கு நீ எங்க இருந்த, மருந்து வாங்கப் போயிட்ட. நான்தான நின்னேன்! வெளிய கொண்டாந்து படுக்க வச்ச புள்ள வாயில ரத்தமா வந்துச்சு. மறுபடியும் உள்ள தூக்கிட்டு ஓடுனாங்க. எம்மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவச் சாத்துனாங்க. இன்னொரு வாட்டி அந்தக் கதவுக்குள்ள எம்புள்ளைய அனுப்ப மாட்டேன். அவ எப்புடியும் பேசிட்டுப் போகட்டும், எனக்குப் புரியிதுல்ல?”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க வெளையாட்டுலயே சரி பண்ணிருங்க டீச்சர். ஒங்களால முடியும்.”

மேடம் சொன்னது வேறு. “கதவு எட்டுதா இல்லையான்னு தெரியிற வரைக்கும் ‘ப’வத் தொடாத. உடம்பு முடியாத ஒண்ண தினமும் கேட்டா, புள்ள வாயவே மூடிக்கும். அவ ஜெயிக்கிற சத்தமா வெளையாடு. முடிவெடுக்குற அன்னிக்கு ‘ப’வக் கேக்கலாம்.” ஈஸ்வரியிடமும் அதையே சொன்னேன். வீட்டில் ‘ப’ வேண்டாம், மான், மாமா, நாய், யானை போதும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

சில வாரங்கள் நானும் பவித்ராவும் தரையில் கிடந்து விளையாடினோம். யானை வரும், நான் பயந்து ஓடுவேன். நாய் வரும், மேஜைக்கு அடியில் ஒளிவேன். என் மடியில் உட்கார்ந்து, நான் போட்டிருக்கும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தன் முகத்தில் மாட்டிக்கொள்வாள். எனக்கு அவள்மேல் உயிர். ஆபரேஷன் இல்லாமல் சரியாகிவிட வேண்டும் என்று நானும் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்த முடிவு நாளில் என் காதை நானே நம்பவில்லை.

அன்று மேடம் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் சர்ஜன் முடிவு செய்வார். மேடம் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். குழந்தை பலகையில். எதிரே நான், பையோடு. செல்வம் பாயில். ஈஸ்வரி குழந்தைக்குப் பின்னால் நின்றாள். புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

நான் பையிலிருந்து பூவை எடுத்தேன். என்ன என்று கேட்கக் கூடாது, வெறுமனே காட்ட வேண்டும்.

“பூ” என்றாள் பவித்ரா.

பளிச்சென்று வந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மேடத்தின் பேனா நகர்வது தெரிந்தது. அடுத்து பஸ். “பச்சு” என்றாள். ‘ச்சு’ போகட்டும், முன்னால் இருந்தது சுத்தமான ‘ப’. அடுத்து பாப்பா பொம்மை. அதுவும் வந்தது. செல்வம் பாயிலிருந்து எம்பி முழங்காலில் நின்றுவிட்டார். நான் பேசாமல் அவர் பக்கம் கையைக் காட்டினேன்.

“அப்பா” என்றாள்.

அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் நான் குழந்தையைச் சரியாகப் பார்த்தேன். அதுவரை என் கண் பையிலும் மேடத்தின் பேனாவிலுமே இருந்தது, அவளைக் காதால் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய இடது கை மெல்ல மூக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாக ஒரு தடம் இருந்தது. பையிலிருந்து மானை எடுத்தேன். கை இறங்கியே இருந்தது. “மான்” என்றாள். பூவை மறுபடி எடுத்தேன். கை ஏறியது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மூக்கை இறுக்கிப் பிடித்தன. “பூ.”

மூக்கை அடைத்துவிட்டால் காற்றுக்குப் போக வேறு வழி இல்லை, உதட்டுக்குத்தான் வர வேண்டும். அதனால் அண்ணம் எட்டாத குழந்தைக்கும் ‘ப’ வந்துவிடும். ‘ப’ சொல்லும்போது மூக்குக்கு வேலையே இல்லாததால், பிடித்திருப்பது காதுக்கும் தெரியாது. சுவரைப் பார்த்திருக்கும் மேடத்துக்கு எப்படித் தெரியும்?

நிமிர்ந்தேன். ஈஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடாதே என்று தலையை மிக மெதுவாக ஆட்டினாள். கண்ணில் நீர் கட்டி நின்றது. மேடம் எழுதிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்காவிட்டால் ஆபரேஷன் கிடையாது. குழந்தை கதவுக்குள் போக வேண்டாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் பேசுவாள்? கையில் சிலேட்டு இருக்கும்போது என்ன செய்வாள்? வயது ஏற ஏற மூக்கால் பேசுவது அப்படியே படிந்துபோகும், அப்புறம் ஆபரேஷன் செய்தாலும் பழக்கம் எளிதில் போகாது.

“மேடம், கை மூக்குல இருக்கு” என்றேன்.

பேனா நின்றது. மேடம் திரும்பவில்லை. “சரி. ரெண்டு கைக்கும் வேல குடு” என்றார்.

பெஞ்சுக்கு அடியில் பெரிய ரப்பர் பந்து ஒன்று இருந்தது. ஒரு கையால் தூக்க முடியாது. அதை எடுத்துக் கொடுத்தேன். பவித்ரா சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். “யாருக்குப் போடப் போற? கூப்புடு” என்றேன். அவள் செல்வத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். கையைப் பார்த்தாள். பந்தை விட மனமில்லை. தோளை உயர்த்தி, மூக்கை அதில் அழுத்திப் பார்த்தாள். எட்டவில்லை.

“அம்மா” என்று செல்வத்தைக் கூப்பிட்டாள்.

“போடு தாயி, போடு. அம்மாதான். போடு” என்று அவர் இரண்டு கையையும் விரித்தார்.

ஈஸ்வரி வெடித்தாள். “சொல்லிட்டீங்கள்ல? ஒங்க நெஞ்சு குளுந்துச்சா? இம்புட்டு நாளு மடியில வச்சுக் கொஞ்சுனது இதுக்குத்தானா? எம்புட்டுக் கஷ்டப்பட்டுச் சொல்லிக் குடுத்தேன் தெரியுமா? துணிக்கு மாட்டுற கிளிப்ப மொதல்ல மாட்டுனேன், வலிக்கிதுன்னு அழுதா. அப்பறம் வெரல வச்சுப் பிடிக்கப் பழக்குனேன். அந்தத் தடம் எனக்கு வலிக்கலயா?”

குழந்தை மிரண்டு அழுதது. பந்து உருண்டு மூலைக்குப் போனது. திட்டட்டும் என்று நின்றேன்.

மேடம் எழுந்து வந்தார். இப்போது திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஈஸ்வரிக்குப் பக்கத்தில் போய் நின்று, எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னார்: “நீ நல்லாத்தான்மா சொல்லிக் கொடுத்திருக்க. உதடு சரியா மூடுது. காத்த நிறுத்தி வெடிக்கத் தெரியுது. எந்தச் சொல்லுக்கு ‘ப’ன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. புள்ள கத்துக்க வேண்டியது அம்புட்டையும் கத்துக்கிருச்சு. அப்பறமும் கைய எடுத்தா வரலன்னா, குத்தம் புள்ளகிட்டயும் இல்ல, ஒங்கிட்டயும் இல்ல. கதவு கட்டை. இத நாங்க கண்டுபிடிக்க இன்னும் எவ்வளவு நாள் ஆயிருக்குமோ, நீயே காட்டிட்ட.”

ஈஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைக் காட்டினாள். “சரி, அனுப்புறேன். ஆனா இவங்க வரணும். அந்தக் கதவுகிட்ட எம்பக்கத்துல ஒக்காரணும். ஏதாவது ஆச்சுன்னா இவங்க மூஞ்சியத்தான் நான் பாக்கணும்.”

போனேன். ஆபரேஷன் அன்று லீவு போட்டுவிட்டு ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தியதும் ஈஸ்வரி அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கதவையே பார்த்தாள். யாராவது நர்ஸ் வேகமாக நடந்தால் அவள் கை என் மணிக்கட்டை நெரித்தது. செல்வம் டீ வாங்கி வந்து கொடுத்தார், இருவருமே குடிக்கவில்லை. என் வேலைக்காலம் முழுக்க நான் எடுத்த எந்த முடிவுக்கும் அப்படிப் பயந்ததில்லை. அந்தக் குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் இந்த வேலையில் இருக்கக் கூடாது என்று அப்போதே மனதுக்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன். சர்ஜன் வெளியே வந்து, “நல்லா இருக்கா. ரத்தம் எல்லாம் இல்ல” என்றபோது ஈஸ்வரி என் கையை விட்டாள். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

புண் ஆறும்வரை கஞ்சி, இளநீர் என்று போனது. அதற்குப் பிறகு பயிற்சிக்குக் கூட்டி வந்தார்கள். பவித்ரா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எத்தனை ஊசி, எத்தனை வெள்ளைக் கோட்டு! எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று முடிவு செய்துவிட்டாள் போல. யானை வந்தது, நாய் வந்தது, பொம்மை பஸ்ஸை அவள் காலடி வரை உருட்டினேன். வாயைத் திறக்கவே இல்லை. அடுத்த வாரமும் அப்படித்தான். ஆபரேஷன் பலித்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. செல்வம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், வெளியே வரும்போது என் முகத்தைப் பார்ப்பார், நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஈஸ்வரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விடுவாள்.

மூன்றாவது வாரம் நான் ஒரு அவசரத்தில், கையில் வட்டக் கண்ணாடியோடு உள்ளே நுழைந்துவிட்டேன். பவித்ரா அதைப் பார்த்தாள். முகம் சிவந்தது. அம்மாவின் புடவையை விட்டுவிட்டு நேரே என்னிடம் ஓடி வந்து, வயிற்றில் கையை வைத்துத் தள்ளினாள்.

“போ!”

நான் அசையாமல் நின்றேன். என் ஆசைக் காதா? ஈஸ்வரியைப் பார்த்தேன். அவள் வாய் திறந்தபடி நின்றாள். அவளுக்கும் ஓர் ஆசைக் காது உண்டே. அப்போது மேடத்தின் பிடிவாதம் ஞாபகம் வந்தது. சொல் வந்தால் பலன் உடனே நடக்க வேண்டும். குழந்தை போகச் சொல்கிறது, போகாமல் நின்றுகொண்டிருக்கிறேனே! வெளியே ஓடினேன். உள்ளிருந்து கதவைப் படாரென்று சாத்தினாள். கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தேன்.

“போ! போ!”

சத்தம் கேட்டு மேடம் தன் அறையிலிருந்து வராந்தாவுக்கு வந்தார். வந்த வேகத்தில் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“கை எங்க இருக்கு?” என்றார்.

கதவிடுக்கில் பார்த்தேன். சின்ன விரல்கள் பத்தும் கதவுப் பலகையில் பரந்து, முழுப் பலத்தையும் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தன.

“ரெண்டு கையும் கதவுல இருக்கு, மேடம்.”

செல்வம் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். “அப்ப காத்து நிக்குதா, டீச்சர்?”

நான் அழுதுகொண்டே தலையை ஆட்டினேன். உள்ளே ஈஸ்வரி சிரிப்பும் அழுகையுமாகக் கத்தினாள்: “டீச்சர்! இன்னொரு வாட்டி அந்தக் கதவத் தொறங்க! அவுக அப்பா கேக்கட்டும்!”

திறந்தேன்.

“போ!” என்றாள் பவித்ரா.